ஏலகிரி பாரி வளைவில் நின்ற கார்... புதுப்பேட்டை வரை ஒரு பயணம்!

ஏலகிரி மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஏழுக்குப் புலவர்களின் பெயர், அடுத்த ஏழுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர். கம்பர், இளங்கோ, வள்ளுவர், கபிலர், ஔவையார் என்று எல்லோரையும் ஒருவழியாகத் தாண்டிவிட்டோம். எட்டாவது, பாரி வளைவு. எங்கள் கார் அங்கேதான் நின்றது.

சும்மா நிற்கவில்லை. டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. பானட் இடுக்குகளிலிருந்து குக்கர் விசில் போல ஆவி வந்தது. பின்பக்கம் நீலப் புகை வேறு. அது ஆம்பூரிலிருந்தே வந்துகொண்டிருந்ததாகத் தம்பி அப்போதுதான் சொன்னான். "ஏன்டா முன்னாடியே சொல்லல?" என்றேன். "டீசல் வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா."

அப்பா இறங்கி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார். பின்னாலேயே பலாப்பழம் ஏற்றி வந்த டெம்போவிலிருந்து ஒருவர் குதித்து ஓடி வந்தார். "சார், மூடியத் தொறக்காதீங்க சார்! கொதிக்கிற தண்ணி மொகத்துலயே அடிக்கும்!" அந்த அண்ணன் மட்டும் அரை நிமிடம் தாமதமாக வந்திருந்தால், இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். சக்கரத்துக்குக் கல் வைத்துக் கொடுத்துவிட்டு, "அரை மணி ஆறட்டும். ஆனா மேல ஏத்தாதீங்க, எறக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பாரி முல்லைக்கொடிக்குத் தேரையே கொடுத்துட்டுப் போனாராமே... நாமளும் இதை ஏதாவது ஒரு கொடிகிட்ட விட்டுட்டுப் போயிடலாமா?" என்றான் தம்பி. அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அந்த கார் வாங்கி அன்றைக்கு 23-வது நாள். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு அதுவரை சொந்தமாக இருந்தது ஒரு ஸ்கூட்டர் மட்டும்தான். சீட்டு எடுத்த பணமும் கொஞ்சம் சேமிப்புமாக 2,65,000 ரூபாய். கல்யாணமான புதிதில் அம்மாவை ஏலகிரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கிறார். கூட்டத்தில் இரண்டு பேரும் மேலே வரை நின்றுகொண்டே போனார்களாம். "அடுத்த தடவை நம்ம வண்டியில வருவோம்" என்று அப்போது சொன்னதை அம்மா மறந்துவிட்டாள். அப்பா மறக்கவில்லை.

2013 மாடல் டீசல் கார். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, ஷோரூம் ட்ராக்" என்றார் புரோக்கர். பழைய கார் தேடிய எல்லோருக்கும் இந்த மூன்று வார்த்தைகளும் பழக்கம்தான். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எண்ணிப் பார்த்தால், நம் டாக்டர்கள் வைத்தியம் பார்க்கவே நேரமில்லாமல் கார் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். "இன்ஜின் வேலை பார்த்து ஆறு மாசம்தான் ஆச்சு சார், இனி பத்து வருஷத்துக்குத் தொட வேணாம்" என்று கூடுதலாக ஒன்றையும் சொன்னார். எங்களை விழவைத்தது அதுதான். வேலை பார்த்த இன்ஜின் என்றால் புது இன்ஜின் மாதிரி என்று அப்பா நினைத்தார். நானும்தான்.

ஓட்டிப் பார்க்காமல் வாங்கவில்லை. அம்பத்தூரைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் ஓட்டினோம். நாங்கள் போனபோதே வண்டி ஸ்டார்ட் ஆகித் தயாராக நின்றது. "உங்களுக்காக ஏசி போட்டு வெச்சிருக்கேன் சார்" என்றார். என்ன மரியாதை என்று நினைத்தோம்!

சரி, பாரி வளைவுக்கு வருவோம். அரை மணி நேரம் கழித்து, இன்ஜின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, மெதுவாக இறக்கிவிடலாம் என்று முடிவானது. அப்போது கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. அம்மா கை காட்டினாள். நின்றது. "வந்தது வந்தோம்... நான் ஏரியைப் பார்த்துட்டு வர்றேன். நீங்க வண்டியைப் பாருங்க" என்று தம்பியை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். நாங்கள் பொன்னேரி அடிவாரத்தில் ரெக்கவரி வண்டிக்காகக் காத்திருந்தபோது, புங்கனூர் ஏரியில் அம்மா படகில் உட்கார்ந்திருக்கும் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னை வரை ஏற்றி வர 9,000 ரூபாய். அதற்குள் நான் புரோக்கருக்கு ஏழு தடவை போன் செய்திருந்தேன். எட்டாவது தடவை எடுத்தார். "ஓடுற வண்டிக்கு ஏதும்மா கேரண்டி?" பணம் முழுவதையும் ரொக்கமாகக் கொடுத்திருந்தோம். அவர் கமிஷனுக்கு ரசீதுகூட வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 என்பது எனக்குத் தெரியும். டெஸ்கில் உட்கார்ந்து அதைப் பற்றிச் செய்தியே எழுதியிருக்கிறேன். ஆனால், புகாரோடு சேர்த்துக் காட்ட கையில் ஒரு துண்டுச் சீட்டு வேண்டுமே!

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வாங்குவதற்கு முன்பு அவரிடம் காட்டியிருக்க வேண்டும். 'ஐந்நூறு ரூபாய் கேட்பாரே' என்று காட்டவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. மறுநாள் காலை, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது வந்தார். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அந்த வாயிலிருந்து புஸ்... புஸ்... என்று புகை வந்தது, பழைய ரயில் மாதிரி. "பேக் கம்ப்ரஷன்" என்றார். சிலிண்டருக்குள் வெடிக்கிற அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில், ரிங் பக்கமாகக் கசிந்து கீழே ஆயில் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறது என்று அர்த்தமாம். அப்புறம் டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தார். "தேன் மாதிரி இருக்கு பாருங்க. இந்த வண்டிக்கு இவ்ளோ கனமான ஆயில் கெடையாது. பொகை தெரியாம இருக்க ஊத்திருக்காங்க. லோக்கல்ல ஓட்டினா தெரியாது. மூணு மணி நேரம் ஹைவேயில ஓட்டினா இளகிடும், அப்புறம் குட்டு வெளிப்பட்டுடும்."

எங்களுக்காகப் போட்டு வைத்திருந்த ஏசியின் ரகசியமும் அப்போதுதான் புரிந்தது. குளிர்ந்த இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அது மறைக்க முடியாத பலவற்றைச் சொல்லிவிடும். அதனால்தான் வாங்க வருபவர் வருவதற்குள் சூடாக்கி வைத்துவிடுகிறார்கள். இனி யார் வீட்டுக்குக் கார் பார்க்கப் போனாலும், நான் முதலில் பானட் மேல் கை வைத்துப் பார்ப்பேன்.

இரண்டு நாளில் இன்ஜின் மேஜை மேல் பிரித்து வைக்கப்பட்டது. எனக்கு ஆபரேஷன் தியேட்டர் ஞாபகம் வந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, சிலிண்டர் துளைக்குள் நகத்தை விட்டு, கீழிருந்து மேலே இழுக்கச் சொன்னார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் 'டக்' என்று ஒரு மேட்டில் தட்டியது.

"அதான் சாட்சி" என்றார். பிஸ்டன் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்குவதில் துளையின் சுவர் தேய்ந்துவிடும். ரிங் எட்டாத உச்சி மட்டும் தேயாமல் ஒரு படிக்கட்டாக நிற்கும். முறையாக வேலை பார்ப்பவர்கள் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, துளையைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். ஹோனிங் என்று சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழுப்பார்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கோடுகள்தான் வேண்டும். எங்கள் இன்ஜினில் படிக்கட்டு அப்படியே இருந்தது. சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று மின்னியது. அதாவது, லேத் பக்கமே போகவில்லை. பிரித்து, பழைய தேய்ந்த துளையிலேயே புது ரிங்கை மாட்டி மூடிவிட்டார்கள். அதுவும் எப்படி மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு ரிங்கிலும் ஒரு வெட்டு இருக்கும். மூன்று ரிங்குகளின் வெட்டும் ஒன்றுக்கொன்று வேறு திசையைப் பார்க்க வேண்டும். இதில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில். ஆயிலுக்கு நேஷனல் ஹைவே போட்டுக் கொடுத்த மாதிரி.

கொதித்ததற்குக் காரணம் வேறு. சிலிண்டர் ஹெட்டின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்கேலுக்குக் கீழே நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை சூடேறி ஹெட் வளைந்திருக்கிறது. அதைச் சமப்படுத்தாமல் புது கேஸ்கட்டை மட்டும் வைத்து, பழைய போல்ட்களையே போட்டு இறுக்கியிருக்கிறார்கள். இந்த வகை போல்ட் இறுக்கும்போது கொஞ்சம் நீண்டு பிடிப்பது. ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டுமாம். விளைவு, சிலிண்டர் அழுத்தம் தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து தண்ணீரை வெளியே தள்ளியிருக்கிறது. மேடு ஏறும் வரை இது தெரியாது. சென்னையில் மேடு என்றால் கத்திப்பாரா பாலம்தானே!

கடைசியாக, ஆயில் சம்ப்பைக் கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ புழு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கேஸ்கட்டுக்குப் பதில் பூசிய சிலிகான் பசை, பிதுங்கி உள்ளே விழுந்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் அடைச்சிருந்தா ஆயில் போகாம இன்ஜின் சீஸ் ஆகிருக்கும். நல்லவேளை, மலையிலயே நின்னுச்சு. ஹைவேயில நூறுல போறப்போ சீஸ் ஆகியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாணியம்பாடி வரை பின்சீட்டில் தூங்கிக்கொண்டே வந்த அம்மாவும் தம்பியும் என் கண் முன்னால் வந்து போனார்கள்.

அன்று மாலை புரோக்கரிடமிருந்தே போன் வந்தது. நான் விடாமல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்ததால் பயந்திருக்கலாம். அவர் அப்பாவிடம் சொன்ன யோசனை இது: "எதுக்கு சார் செலவு? அப்படியே மூட்டி, ஆயில் மாத்தி, வாட்டர் வாஷ் பண்ணிக் கொடுங்க. நானே ஆள் புடிச்சு ரெண்டு லட்சத்துக்குத் தள்ளிவிடுறேன். கமிஷன் வேணாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எழுபதாயிரம் செலவு செய்வதைவிட அறுபத்தைந்தாயிரம் நஷ்டத்தோடு தலைமுழுகலாம். நமக்குச் செய்ததைத்தானே நாமும் செய்கிறோம்? அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "வாங்குறவன் பொண்டாட்டி புள்ளையோட ஏலகிரி போக மாட்டானா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மெக்கானிக் அண்ணன் இரண்டு வழி சொன்னார். ஒன்று, இதையே லேத்துக்கு அனுப்பி ஒழுங்காக வேலை பார்ப்பது. இன்னொன்று, விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து எடுத்த நல்ல இன்ஜினாகப் புதுப்பேட்டையில் பார்ப்பது. "ஒருதடவ போய் விசாரிச்சுட்டு வாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை அப்பாவும் நானும் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினோம். சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நிலையத்துக்கு மாறி, அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அப்பா கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பிஸ்டன்.

பெயரில்தான் 'புது' இருக்கிறது. புதுப்பேட்டையில் இருப்பதெல்லாம் பழசு. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே வாசனை மாறிவிடுகிறது: கியர் ஆயில், துரு, வெல்டிங் புகை, நடுநடுவே டீக்கடை. கூவம் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அதன் நாற்றமே இங்கே தோற்றுப்போகிறது. தரை, ஆயில் குடித்துக் குடித்து தார் ரோடு போலக் கறுத்துவிட்டது. கடை வாசல்களில் கார் கதவுகள், புடவைக்கடையில் புடவை தொங்குவது போல வரிசையாகத் தொங்குகின்றன. பம்பர்கள் ஒரு குவியல், ஸ்டீயரிங்குகள் ஒரு மாலை, ஹெட்லைட்டுகள் கண் விழித்தபடி ஒரு சுவர் முழுக்க. ஒரு பையன் இரண்டு ரேடியேட்டர்களை ஸ்கூட்டர் பின்சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

'புதுப்பேட்டை' என்றால் என் வயதுக்காரர்களுக்கு 2006-ல் வந்த செல்வராகவன் படம். அப்பா வயதுக்காரர்களுக்கு அந்தப் பழைய சென்னை ஜோக்: வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால், உங்கள் வண்டி ஸ்பேரையே உங்களிடம் விற்பார்களாம். நாங்கள் நுழைந்த கடையின் பாயிடம் அப்பா தயங்கித் தயங்கி அதைச் சொல்லியேவிட்டார். பாய் பெரிதாகச் சிரித்தார். "என் கல்யாணத்தப்பவே இந்த ஜோக்கு இருந்துச்சு சார். இப்ப இன்ஜின் வேணும்னா மொதல்ல ஆர்.சி. ஜெராக்ஸ் குடுங்க, அப்புறம்தான் பேச்சு."

காரணம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கும். வேறு இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு, அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத இன்ஜின் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். அது ஏன் பாதி விலை என்பதை எஃப்.சி.க்குப் போகும்போதோ, விற்கும்போதோ, இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ தெரிந்துகொள்ளலாம்.

அப்பா மஞ்சள் பையைப் பிரித்தார். பாய் பிஸ்டனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜாதகம் பார்ப்பவர் முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"தலை ஈரமா கறுத்திருக்கு, ஆயில் குடிச்சிருக்கு. இந்தப் பக்கம் கீறல் பாருங்க, ஆடியிருக்கு. ரிங் புதுசு. பிஸ்டன் பழசு. போரும் பழசாத்தான் இருக்கும்." பிஸ்டனைத் துணியால் துடைத்து, திருப்பிக் கொடுத்தார். "மூவாயிரத்துல வேலைய முடிச்சுருக்கான். எவ்வளவுக்கு வாங்குனீங்க சார்?"

அப்பா சொன்னார். பாய் உச்சுக் கொட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. ஒரு டீ சொன்னார்.

உள்ளே அழைத்துப் போய் ஒரு இன்ஜினைக் காட்டினார். முன்பக்கம் மோதிய வண்டியிலிருந்து எடுத்தது, காகிதம் இருக்கிறது, 48,000 ரூபாய். மாட்டி ஓட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் பத்து நாளில் மாற்றிக்கொள்ளலாம். நான் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாய், உங்க வண்டின்னா என்ன பண்ணுவீங்க?"

பாய் கொஞ்சம் யோசித்தார். "என் வண்டின்னா... உங்க பிளாக் வெடிக்கலன்னா அதையேதான் லேத்துல குடுப்பேன். இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் முழுசா தெரியாது சார். உங்களுது பிரிச்சாச்சு. அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு இப்ப தெரியும்ல?"

48,000 ரூபாய் வியாபாரத்தை அவர் அப்படித்தான் விட்டார். அவர் கடையில் நாங்கள் வாங்கியது ஒரு பழைய ஆயில் சம்ப் மட்டும், 600 ரூபாய். எங்கள் சம்ப்பில் வடிகால் போல்ட்டின் மரை தேய்ந்து, அதை ஏதோ பசை போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். ஹெட் போல்ட், கேஸ்கட் செட், பேரிங் எல்லாம் புதிது வேண்டும் என்பதால், கூவம் பாலத்தைத் தாண்டி அண்ணா சாலைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போகச் சொன்னார். "எல்லாத்துக்கும் பில்லு கேளுங்க. லேத்துக்காரர்கிட்டயும் எத்தன சைஸ் கடைஞ்சாருன்னு எழுதி வாங்குங்க. 'இன்ஜின் வேலை பார்த்திருக்கேன்'னு யாரு வேணா சொல்லலாம். காகிதம் வெச்சுருக்கறவன்தான் பார்த்தவன்."

அடுத்த பதினெட்டு நாள் கதையில் சொல்ல ஒன்றுமில்லை. பாடியில் ஒரு லேத்தில் அரை மில்லி ஓவர்சைஸுக்குத் துளை கடைந்தார்கள்; ஹெட்டைச் சமப்படுத்தினார்கள். எல்லாம் சேர்த்து 74,000 ரூபாய். அப்பா தினமும் சாயங்காலம் போய், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மெக்கானிக் அண்ணன் முதலில் எரிச்சலானார், பிறகு டார்ச் பிடிக்க வைத்துவிட்டார். ரிங் வெட்டுகள் மூன்று திசை பார்க்கின்றனவா என்று மாட்டும் முன் அப்பாவே எண்ணிச் சரிபார்த்தாராம்.

இப்போது காலையில் காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அப்பா டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறார். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், ஆயில் மட்டம் மூன்றையும் எழுதுகிறார். அந்த நோட்டின் பின் அட்டைக்குள் எல்லா பில்லும் மடித்து வைத்திருக்கிறது. பழைய பிஸ்டன் டி.வி. ஸ்டாண்டில், அம்மாவின் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மா இரண்டு தடவை எடுத்து வெளியே வைத்தாள், மறுபடி உள்ளே வந்துவிட்டது.

புது ரிங் துளையோடு பழகுகிற வரை, முதல் 1,000 கிலோமீட்டருக்கு வண்டியை விரட்டக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இன்றைய தேதிக்கு நோட்டில் 640. ஆயிரம் ஆனதும் ஆயில் மாற்றிவிட்டு நேராக ஏலகிரிதான் என்று அப்பா நேற்று ராத்திரி சாப்பிடும்போது அறிவித்தார்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "நீங்க மூணு பேரும் கார்ல வாங்க. நான் பஸ்லயே வந்துடுறேன். போன தடவை ஜன்னல் சீட்டு கெடச்சுது" என்றாள்.